கறிவேப்பிலையில் ஒரு கூடு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். திருச்சியில் காவிரிக்கு வடக்கே, புதிதாக வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கும் பகுதியில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் இடம். கறிவேப்பிலை, முருங்கை, கொய்யா, ஒரு மல்லிகைப் பந்தல் இருக்கின்றன. பறவைகள் கூடு கட்ட வேண்டும் என்ற ஆசையில் போன வருடம் மூன்று மரப்பெட்டிகளும் இரண்டு மண்கலயங்களும் வாங்கிக் கொய்யா மரத்தில் தொங்கவிட்டேன். அரிசியும் கம்பும் வைத்தேன். புறாக்கள் தின்றுவிட்டுப் போகின்றன. பெட்டிக்குள் எதுவும் வரவில்லை. ஒன்றில் குளவி கூடு கட்டியது.

இந்த ஏப்ரலில், நான் நினைத்தே பார்க்காத கறிவேப்பிலையில் கொண்டைக்குருவி கூடு கட்டியது. மூன்று முட்டையில் இரண்டு பொரித்தன. படம் எடுக்க மறைத்ததால் முன்னால் இருந்த இரண்டு கொப்புகளை ஒடித்தேன். தினமும் மூன்று நான்கு முறை போய்ப் பார்ப்பேன். பொரித்த ஆறாம் நாள் காலையில் கூடு காலி. ஓர் இறகுகூடக் கீழே இல்லை. கூடு அப்படியே இருந்தது. தாய்க்குருவி வாயில் புழுவோடு அரைநாள் அங்கேயே சுற்றிச் சுற்றிக் கத்தியது. என் மகள் அன்று சாப்பிடவில்லை.

இது என் தவறா? மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. தோட்டத்தைச் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன், வாரம் ஒருமுறை சருகைக் கூட்டி எரித்துவிடுவேன். இனி பறவைகள் வர என்ன செய்ய வேண்டும்? வந்தால் எப்படிப் பார்ப்பது?

க.,
திருச்சி

*

அன்புள்ள க.,

உங்களை உறுத்திக்கொண்டிருப்பதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மனித வாடை காரணம் இல்லை. கூடு கட்டி முட்டையிட்டு, குஞ்சும் பொரித்துவிட்ட பறவை, மனிதர் கை பட்டது என்பதற்காகத் தன் குஞ்சை ஒதுக்காது. புழுவோடு அரைநாள் கத்திய தாயே அதற்குச் சாட்சி. ஆனால் கொப்புகளை ஒடித்தது காரணமாக இருந்திருக்கலாம். இதை மழுப்பிச் சொன்னால் அடுத்த கூட்டுக்கு உதவாது என்பதால் நேராகச் சொல்கிறேன்.

கொண்டைக்குருவியின் கூடு மேலே கூரை இல்லாத ஒரு சின்னக் கிண்ணம். இலைதான் அதற்குக் கூரை, இலைதான் திரை. இரண்டு கொப்பு போனால் திருச்சியின் ஏப்ரல் வெயில் நேராகக் குஞ்சின் மேல் விழும். மேலே பறக்கும் காகத்துக்கும் கூடு தெரியும். காகம் நம்மைக் கவனித்துக்கொண்டே இருக்கும் பறவை. ஒரே செடியிடம் நாம் நாளுக்கு நாலு முறை போய் எட்டிப்பார்த்தால், அங்கே ஏதோ இருக்கிறது என்று அதற்கு விளங்கிவிடும். கூடு குலையாமல் குஞ்சு மட்டும் மறைந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பூனை ஏறியிருந்தால் பெரும்பாலும் கூடு சரிந்திருக்கும். காகமோ, செம்போத்தோ, பாம்போ எடுத்திருக்க வேண்டும்.

இதே தவறை நானும் செய்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன் எங்கள் கொல்லையில் கத்தரிச் செடியின் இலையைத் தையல்சிட்டு தைத்திருந்தது. இலையின் இரு ஓரங்களிலும் அலகால் துளை போட்டு, பஞ்சையும் சிலந்தி நூலையும் இழுத்துச் செருகி, பை போல ஆக்கி, அதற்குள் கூடு வைக்கும். அந்தத் தையலைப் பார்த்த பரவசத்தில் இலையை இரண்டு விரலால் விலக்கி உள்ளே பார்த்தேன். மூன்று முட்டைகள். மறுநாளும் விலக்கினேன். தையல் ஒரு பக்கம் பிரிந்து இலை தொங்கிவிட்டது. பறவை திரும்பவில்லை. அந்த மூன்று முட்டைகளும் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கின்றன. அன்றிலிருந்து கூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று நான் எட்டிப்பார்ப்பதே இல்லை. வெளியே நடப்பதைப் பார்த்தே உள்ளே நடப்பதைச் சொல்லிவிடலாம். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது உங்கள் பெட்டிகள். பெட்டிக்குள்ளும் பொந்துக்குள்ளும் கூடு வைப்பவை சில பறவைகள்தான். சிட்டுக்குருவி, மைனா, குண்டுகரிச்சான் ஆகியவை நம் வீட்டுப் பக்கம் அப்படிக் கூடு வைக்கும். கொண்டைக்குருவியும் தேன்சிட்டும் தையல்சிட்டும் எந்த நாளும் பெட்டிக்குள் நுழையாது. நீங்கள் பெட்டியைச் சிட்டுக்குருவிக்காக வைத்திருந்தால் இடம்தான் தப்பு. அது மனிதர் வீட்டுச் சுவரோடு ஒட்டி வாழ்ந்து பழகியது. கொய்யா மரத்தில் ஆடும் பெட்டி அதற்குச் சரிப்படாது. பெட்டியைச் சுவரில், சன்ஷேடுக்குக் கீழே, எட்டிலிருந்து பத்து அடி உயரத்தில், ஆடாமல் அடித்து வையுங்கள். மேற்கு வெயில் படக்கூடாது. துளை 32 மில்லிமீட்டர், அதாவது ஒன்றேகால் அங்குலம் இருந்தால் போதும். அதைவிடப் பெரிதானால் மைனா பிடித்துக்கொள்ளும். துளைக்குக் கீழே குச்சி வைத்து விற்கிறார்கள், அதைப் பிடுங்கிவிடுங்கள். குருவிக்கு அது தேவையில்லை, உட்கார்ந்து உள்ளே எட்டிப்பார்க்கும் காகத்துக்குத்தான் வசதி.

அதோடு சிட்டுக்குருவிக்குப் பெட்டி மட்டும் போதாது. குறுந்தொகையின் 46ஆம் பாட்டில் அதன் ஒரு நாள் முழுவதும் இருக்கிறது. முற்றத்தில் காயவைத்த தானியத்தைத் தின்கிறது, பொதுவெளியில் எருவின் நுண்ணிய பொடியில் புரண்டு குளிக்கிறது, மாலையில் வீட்டின் இறப்பில், அதாவது கூரையின் தாழ்ந்த ஓரத்தில், குஞ்சுகளோடு தங்குகிறது. அந்தப் பாட்டைப் பிரிவுத் துயரத்துக்காகப் படிப்போம். நான் ஒரு தடவை குருவிக்காகப் படித்துப் பார்த்தேன், திகைத்துப்போனேன். தானியம், புழுதி, இறப்பு. இன்று நம் தெருக்களில் மூன்றும் இல்லை. நெல் காயப்போடுவதில்லை, முற்றம் முழுக்க சிமெண்ட், சுவரில் விரல் நுழையச் சந்து கிடையாது. நீங்கள் பெட்டி வைத்து இறப்பைத் தருகிறீர்கள், கம்பு வைத்துத் தானியத்தைத் தருகிறீர்கள். கொஞ்சம் புழுதியையும் விட்டு வையுங்கள். சுவரோரம் இரண்டடிக்கு இரண்டடி, தண்ணீர் படாத மண் போதும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் நிறுத்தியது பெட்டி இல்லை, வாரம் ஒருமுறை சருகை எரிப்பதாக எழுதிய அந்த ஒரு வரிதான்.

கூட்டில் இருக்கும் குஞ்சு எதைத் தின்று வளர்கிறது? கம்பைத் தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சு பொரித்த முதல் நாட்களில் புழுவும் பூச்சியும்தான் ஊட்டும். பூவில் தேன் குடிக்கும் தேன்சிட்டு தன் குஞ்சுக்குச் சிலந்தியும் பூச்சியும் கொண்டுபோகும். பழம் தின்னும் கொண்டைக்குருவியும் குஞ்சுக்குப் புழு தேடும். ஒரு காலையில் எங்கள் மருதாணிச் செடியில் இருந்த கூட்டைத் தூரத்திலிருந்து பார்த்து எண்ணினேன். ஒரு மணி நேரத்தில் தாயும் தகப்பனுமாகப் பதினொரு முறை வந்தன. ஒவ்வொரு முறையும் அலகில் ஏதோ ஒரு பச்சைப் புழு, இல்லையென்றால் ஒரு தத்துக்கிளி. அவ்வளவும் பக்கத்துச் செடிகளிலிருந்தே வந்தவை. எலுமிச்சை இலையைத் தின்னும் புழுவுக்கு மருந்தடித்தால், சருகை எரித்தால், மூலையில் சிலந்தி வலையை ஒட்டடைக்கோலால் அடித்தால், அந்தக் குஞ்சுகளின் சாப்பாட்டை எடுத்து வெளியே போடுகிறோம். சிலந்தி வலை சாப்பாட்டுக்கு மட்டும் இல்லை. தேன்சிட்டின் தொங்கும் கூட்டைச் சேர்த்துப் பிடித்திருப்பதே அந்த நூல்தான். மரப்பட்டைத் துணுக்கு, காய்ந்த இலை, புழுவின் எச்சம் எல்லாவற்றையும் வலையால் ஒட்டவைத்து, பக்கவாட்டில் வாசல் வைத்து, வாசலுக்கு மேல் ஒரு சின்னத் தாழ்வாரமும் வைத்துவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் கொடியில் மாட்டிக்கொண்ட குப்பை மாதிரி இருக்கும். எத்தனையோ வீடுகளில் குப்பை என்றே நினைத்துப் பிய்த்துப் போட்டிருக்கிறார்கள்.

எனவே முழுத் தோட்டத்தையும் காடாக்க வேண்டாம். பாம்பு வரும் என்று வீட்டில் பயப்படுவார்கள், அந்தப் பயமும் நியாயம்தான். சமையலறை வாசலிலிருந்து தள்ளி, மதிலோரம் ஆறடிக்கு ஆறடி விட்டுவிடுங்கள். அங்கே சருகு கிடக்கட்டும், களை முளைக்கட்டும். தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து அதைக் கிளறும், குண்டுகரிச்சான் விடியலில் வந்து பொறுக்கும். முருங்கையில் ஒரு கிளை பட்டுப்போனால் வெட்டாதீர்கள். செம்மார்புக் குக்குறுவான், வெயிலில் டொங்க் டொங்க் என்று செம்பு தட்டுவது போல விடாமல் கூப்பிடுமே, அது மெத்தென்று இற்றுப்போன மரத்தில்தான் பொந்து குடையும். காய்ந்த முருங்கைக் கொம்பு அதற்கு அருமையான இடம்.

தண்ணீர் வையுங்கள். அகலமான மண்சட்டி, இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம், நடுவில் ஒரு கல். தினமும் கவிழ்த்துத் தேய்த்து மாற்றுங்கள், கொசு வராது. சட்டியைப் பூனை பதுங்கும் புதரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். பூனையைப் பற்றி ஒரு வார்த்தை. காகமும் செம்போத்தும் பாம்பும் கூட்டை எடுத்தால் நான் தலையிடுவதில்லை. செம்போத்துக்கும் எங்கோ ஒரு கூடு இருக்கிறது. ஆனால் பூனை நாம் சோறு போட்டு வளர்ப்பது. கூட்டில் குஞ்சு இருக்கும் இரண்டு வாரம் அதை வீட்டுக்குள் வைத்திருப்பது நம் பொறுப்பு. காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் தாராளமாக வையுங்கள், வாசல் பக்கம் வையுங்கள். கூடு இருக்கும் கொல்லைக்கு அதை நாமே அழைத்துவர வேண்டாம்.

எப்படிப் பார்ப்பது என்று கேட்டீர்கள். எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பின்பக்க ஜன்னலுக்குள்ளிருந்து பாருங்கள். மனிதர் நிற்காத ஜன்னலைப் பறவை சீக்கிரம் மறந்துவிடும். வெளியே உட்கார்ந்தால் இருபதடி தள்ளி, தினமும் ஒரே இடத்தில். எவ்வளவு தூரம் சரி என்பதைப் பறவையே சொல்லிவிடும். வாயில் இரையோடு வந்து, கூட்டுக்குப் போகாமல் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து கத்தினால், நீங்கள் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். உடனே எழுந்து போய்விடுங்கள். உங்கள் கொண்டைக்குருவி அன்றைக்கு முன்பே சில முறை இப்படிக் கத்தியிருக்கும்.

நார் கொண்டுபோனால் கட்டுகிறது. அசையாமல் உட்கார்ந்துவிட்டால் அடைகாக்கிறது, கொண்டைக்குருவிக்கு ஏறக்குறைய 14 நாள். இரையோடு போகத் தொடங்கினால் பொரித்துவிட்டது. சில நேரம் இரையை ஊட்டிவிட்டு, வெள்ளையாக ஒரு சின்ன உருண்டையைக் கவ்விக்கொண்டு வெளியே வரும். அது குஞ்சின் எச்சம். மெல்லிய தோலுக்குள் சுற்றியே குஞ்சு அதை வெளியிடும், பெற்றோர் எடுத்துத் தள்ளிக் கொண்டுபோய்ப் போடும். முதன்முதலாக இதைப் பார்த்த அன்று நாள் முழுக்க எல்லோரிடமும் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

உங்கள் மகளுக்கு ஒரு நோட்டு கொடுங்கள். தேதி, மணி, எது வந்தது, வாயில் என்ன. இது சின்ன வேலை இல்லை. 1930இல் பறவை ஆய்வாளர் சாலிம் அலி நிலையான வேலை இல்லாமல் பம்பாய்க்குத் தெற்கே கிஹிம் என்ற கடற்கரை ஊரில் தங்கியிருந்தார். வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டியிருந்தன. அவற்றைப் பொறுமையாகப் பார்த்துப் பார்த்துத்தான் ஆண் பாதிக் கூட்டைக் கட்டி வைத்துக் காத்திருக்கிறது, பெண் வந்து சோதித்து ஏற்றுக்கொண்டால் முடிக்கிறது, பிறகு இன்னொரு பெண்ணுக்காக அடுத்த கூட்டைத் தொடங்குகிறது என்று கண்டார். அவருக்குப் பெயர் வாங்கித் தந்த ஆய்வு அது.

இன்னொன்று. கொண்டைக்குருவிக் குஞ்சு 12 நாள் போலக் கூட்டைவிட்டு இறங்கிவிடும், அப்போது அதற்குச் சரியாகப் பறக்க வராது. இறகு முளைத்த குஞ்சு தரையில் தத்தினால் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடாதீர்கள். பக்கத்துப் புதரில் உயரமாக வைத்துவிட்டு விலகுங்கள், தாய் வந்து ஊட்டும். இறகில்லாத குஞ்சு விழுந்தால் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். கூடே விழுந்தால் அதைத் தேங்காய்ச் சிரட்டையில் வைத்து அதே கிளையில் கட்டுங்கள், சிரட்டையின் அடியில் ஒரு துளை இருக்கட்டும். வாயில் தண்ணீர் சொட்டாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். வளர்க்கவும் நினைக்க வேண்டாம். காட்டுப்பறவையின் முட்டையையோ குஞ்சையோ எடுப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

கூடு இழந்த கொண்டைக்குருவி அந்தப் பருவத்திலேயே மறுபடி கட்டுவது உண்டு. பழைய கூட்டில் வைக்காது, சற்றுத் தள்ளி வைக்கும். உங்கள் மல்லிகைப் பந்தல் தழைத்திருக்கிறதா? இப்போதைக்கு அதைக் கத்தரிக்காதீர்கள். மகளோடு காலை ஆறரை மணிக்கு ஜன்னலில் உட்காருங்கள். நார் கவ்விய பறவை எந்தப் பக்கம் இறங்குகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.