ஜார்ஜியா: மலை, ஒயின், உங்க கேள்விகள்

அறுவடை சீசன் நெருங்குது, அதனால வந்த கேள்வியில முக்கால்வாசி காகசஸ் மலை நாடான ஜார்ஜியா பத்திதான்.

செப்டம்பரா அக்டோபரா, எப்ப போறது?

ர்த்வேலி (திராட்சை அறுவடை) பாக்கணும்னா செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம். அதுக்கு மேல தள்ளிப் போட்டா மலையில பனி விழ ஆரம்பிச்சிரும்.

ஒரே நாள்ல கஸ்பெகி (மலை ஊர்), ககேத்தி (ஒயின் பகுதி) ரெண்டையும் முடிச்சிடலாம்னு ஏஜென்ட் சொல்றார். காலைல 7 மணிக்கு கிளம்பினா போதுமா?

போதாது. மாசாமாசம் இந்தக் கேள்வி வருது, பணம் கட்டுறதுக்கு முன்னாடி மேப்பை ஒரு தடவை தொறந்து பாருங்கய்யா. தலைநகர் திபிலிசில இருந்து கஸ்பெகி வடக்கே ஒரு 150 கிலோமீட்டர், ககேத்தியில இருக்கிற சிக்னாகி கிழக்கே ஒரு 110, ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குப் போக கிட்டத்தட்ட திபிலிசி வரைக்கும் இறங்கி வந்துதான் திரும்பணும், ஆக மொத்தம் 500 கிலோமீட்டருக்கு மேல வண்டியிலயே உக்காந்திருக்கணும். அதுல கஸ்பெகி ரோடு ஜ்வாரி கணவாய் வழியா 2,400 மீட்டர் உயரம் வரைக்கும் ஏறி இறங்குது, ரஷ்யா பார்டருக்குப் போற லாரி எல்லாம் அதே ரோட்டுலதான் நிக்கும். மேல கெர்கெதி சர்ச்சுக்குப் போய் நின்னா 5,000 மீட்டர் கஸ்பெக் மலை மேகத்துக்குள்ள இருக்கும், அது தெரியறதுக்கு விடிகாலைதான் நல்ல நேரம், அதனால ராத்திரி ஸ்டெபான்ட்ஸ்மிண்டாவுல (கஸ்பெகியோட இப்போதைய பேர்) தங்கியே ஆகணும்.

எனக்கு இதுல ரொம்ப வலிக்கிறது ஒயின் பக்கம்தான். இருட்டுன பிறகு பஸ்ல வந்து இறங்கி, வரிசையா வெச்ச அஞ்சு கிளாஸை மடக் மடக்னு குடிச்சிட்டு போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. மரானியில (ஒயின் வைக்கிற அறை) நிதானமா உக்காந்தீங்கன்னா, தரையில கழுத்து வரைக்கும் புதைச்ச க்வெவ்ரியோட (பெரிய மண்ஜாடி) மூடியைச் சுத்தி இருக்கிற மண்ணைச் சுரண்டி எடுத்து, கல்லைத் தூக்கி, நீளக் கம்புல கட்டின சுரைக்குடுக்கையை உள்ள விட்டு மொண்டு ஊத்துவாங்க, அந்த வாசனைக்கே தனியா ஒரு மத்தியானம் ஒதுக்கலாம். தலைமுறை தலைமுறையா பண்ற வேலை அது, யுனெஸ்கோவே 2013ல பாரம்பரியப் பட்டியல்ல சேத்திருக்கு. ககேத்திக்கு ரெண்டு நாள், மலைக்கு ரெண்டு நாள், இதுக்குக் குறைஞ்சா ஏதாவது ஒண்ணை விட்டுருங்க.

வெள்ளை ஒயின் கேட்டா கட்டஞ்சாயா கலர்ல துவர்ப்பா ஒண்ணு குடுத்தாங்க, கெட்டுப்போனதா?

இல்ல. ர்காத்சிதெலிங்கிற வெள்ளைத் திராட்சையை தோல், கொட்டை, காம்போட சேத்து அஞ்சாறு மாசம் க்வெவ்ரியில போட்டு வெச்சா அப்படித்தான் வரும். சாப்பாட்டோட குடிங்க, வால்நட்டும் சீஸும் கூட இருந்தா அந்தத் துவர்ப்பு அடங்கிரும். தயவுசெஞ்சு திருப்பி அனுப்பாதீங்க.

கஸ்பெகியில எந்த வைன்யார்ட் நல்லாருக்கும்?

அங்க திராட்சையே விளையாது சார், 1,700 மீட்டர் உயரம், அவ்ளோ குளிர். மலையும் தோட்டமும் ஒரே இடத்துல வேணும்னா ராச்சாவுக்குப் போங்க, அம்ப்ரோலவுரி பக்கம், க்வான்ச்காராங்கிற சிவப்பு ஒயின் வர்ற ஊர். அலெக்ஸாந்த்ரோவுலி, முஜுரெதுலின்னு ரெண்டு திராட்சை, லேசான இனிப்பு. கூட்டமும் ககேத்தி அளவுக்கு இருக்காது.

நாங்களே கார் ஓட்டிட்டு துஷேத்தி போலாமா, வழியில ஒயின் டேஸ்டிங்கும் பண்ணலாம்னு பிளான்.

கூடாது. துஷேத்தி மலைப்பகுதிக்குப் போற வழியில இருக்கிற அபானோ கணவாய் 2,800 மீட்டருக்கு மேல, மண் ரோடு, பல இடத்துல ஓரத்துல தடுப்பே கிடையாது, கோடையில சில மாசம்தான் தொறந்திருக்கும். உள்ளூர் டிரைவரோட 4x4 எடுங்க. குடிச்சிட்டு ஓட்டாதீங்கன்னு எத்தனை தடவைதான் எழுதறது? டேஸ்டிங்னாலும் அது குடிதான்.

நான் சைவம், குடிக்கவும் மாட்டேன். போறதுல அர்த்தம் இருக்கா?

தாராளமா இருக்கு. லோபியானி (பீன்ஸ் வெச்ச ரொட்டி), வால்நட் வெச்ச கத்தரிக்காய், காளான் கின்காலி (கொழுக்கட்டை மாதிரி), சீஸ் போட்ட கச்சாபுரி ரொட்டி, கொட்டைகளைக் கோத்து திராட்சைச் சாறுல தோய்ச்ச சுர்ச்கேலா. மீதி நேரம் சிக்னாகி மதில் மேல நின்னு அலசானி பள்ளத்தாக்கையும் எதிர்ல காகசஸையும் பாருங்க.

ஜார்ஜியா பட்ஜெட் எவ்ளோ?

எத்தனை பேர், எந்த மாசம், எத்தனை நாள், எங்க இருந்து கிளம்பறீங்க? எதுவுமே எழுதாம கேட்டா என்ன சொல்றது, முழுசா எழுதி அனுப்புங்க.

ஊருக்கு எத்தனை பாட்டில் கொண்டு வரலாம்?

இந்தியாவுக்குன்னா டியூட்டி இல்லாம ஆளுக்கு 2 லிட்டர், 750 மில்லி பாட்டில்னா ரெண்டுதான் அதுல அடங்கும். ரோட்டோரம் கோக் பாட்டில்ல ஊத்தி விக்கிறதை வாங்கிப் பெட்டியில வைக்காதீங்க. சீல் வெச்ச பாட்டிலா வாங்கி, துணியில சுத்தி, செக்-இன்ல போடுங்க.