உடம்புக்கு ஏன் வயசாகிறது, வண்டி தேய்வது போலவா?

முழுக்க அப்படி இல்லை. வண்டி தன்னைத் தானே பழுது பார்த்துக்கொள்ளாது, உடம்பு பார்த்துக்கொள்ளும், ஆனால் அந்த வேலை வர வர மந்தமாகிறது. குடியாத்தத்தில் என் பாட்டி பீடி இலை வெட்டும்போது கத்தரி பட்டால் முன்பு நாலே நாளில் ஆறிவிடுமாம். இப்போது மூன்று வாரம் ஆகிறது, புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நிற்கிறது.

மனித செல்கள் ஆய்வகத்தில் சுமார் 40 முதல் 60 முறை பிரிந்ததும் நின்றுவிடுகின்றன என்று 1961இல் அமெரிக்க உயிரியலாளர் ஹேஃப்ளிக் காட்டினார். ஒவ்வொரு பிரிவிலும், மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோமின் நுனியில் காப்பாக உள்ள டெலோமியர் என்ற பகுதி குட்டையாவதுதான் அதற்கு முக்கியக் காரணம். அப்புறம் 1956இல் ஹார்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி சொன்ன ஃப்ரீ ராடிக்கல் கோட்பாடு: உடம்பு சக்தி உண்டாக்கும்போது வெளிவரும் ஃப்ரீ ராடிக்கல் என்ற மூலக்கூறுகள் செல்களைச் சேதப்படுத்துவதால்தான் வயசாகிறது என்பது. அதைக் காட்டி விற்கிற, அந்த மூலக்கூறுகளை அடக்குவதாகச் சொல்லும் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகள் மனிதர்களின் ஆயுளைக் கூட்டியதாக நிரூபணம் இல்லை, காசை அதில் போடாதீர்கள்.

சரி, பரிணாமம் இதை ஏன் சரிசெய்யவில்லை? எனக்கு மனசுக்கு ஒப்பும் பதில் பிரிட்டிஷ் உயிரியலாளர் கிர்க்வுட் 1977இல் சொன்னது: கிடைக்கிற சக்தி அளவானது, அதைப் பிள்ளை பெறவும் உடம்பைப் பழுது பார்க்கவும் பங்கு போட வேண்டும், பூனையிடம் எப்படியும் சீக்கிரம் மாட்டப்போகும் எலிக்கு நூறு வருஷம் உழைக்கும் உடம்பு வீண்செலவு. அதனால்தான் எலிக்கு ஆயுள் இரண்டு மூன்று வருஷம், பறந்து தப்பிக்கும் வௌவாலில் சில இனங்கள் 30 வருஷம் தாண்டுகின்றன.