பழைய ஆங்கில நூல்களில் தெரிந்த சொல்தான் காலை வாரும்: கேள்வி பதில்

கேள்வி: ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ அண்ட் ஜூலியட்' நாடகத்தில் ரோமியோ கீழே தோட்டத்தில்தானே நிற்கிறான். அப்புறம் ஏன் ஜூலியட் "வேர்ஃபோர் ஆர்ட் தௌ ரோமியோ" என்று அவனைத் தேடுகிறாள்?

பதில்: அவள் தேடவே இல்லை. அவன் கீழே நிற்பதும் அவளுக்குத் தெரியாது, தனக்குள் பேசிக்கொள்கிறாள். வேர்ஃபோர் என்றால் 'ஏன்'. நீ ஏன் ரோமியோவாக இருக்கிறாய், பகையாளி வீட்டுப் பிள்ளையாகப் போய்ப் பிறந்தாயே என்ற ஆதங்கம் அது. அடுத்த வரியிலேயே, உன் தந்தையை மறுத்துவிடு, பெயரை விட்டுவிடு என்கிறாள். 'எங்கே' என்று வைத்துப் படித்தால் அந்த வரி ஒட்டாது. இன்னும் ஒரு சாட்சி அதே காட்சியில் இருக்கிறது. அவன் அங்கே இருப்பது தெரிந்த பிறகு, "இங்கே எப்படி வந்தாய், சொல், வேர்ஃபோர்?" என்று கேட்கிறாள். பேசிக்கொண்டிருப்பவனிடம் யாரும் எங்கே என்று கேட்கமாட்டார்கள்.

கேள்வி: ஹாம்லெட் முதல் அங்கத்தில், "என்னை 'லெட்' செய்கிறவனை ஆவியாக்கிவிடுவேன்" என்கிறான். அனுமதிப்பவனை ஏன் கொல்ல வேண்டும்?

பதில்: நல்ல கேள்வி. காட்சியைப் பாருங்கள். தந்தையின் ஆவி கையசைத்து அழைக்கிறது. ஹோரேஷியோவும் மார்செல்லஸும் போகாதே என்று அவனைப் பிடித்து நிறுத்துகிறார்கள். அந்தக் கோபத்தில் சொல்லும் வரி. இங்கே லெட் என்றால் 'தடு'. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலத்தில் லேட்டன் என்று ஒரு வினை இருந்தது, 'விடு' என்று பொருள். லெட்டன் என்பது வேறு வினை, 'தடு' என்று பொருள். ஒலி தேய்ந்து இரண்டும் ஒரே உருவத்துக்கு வந்துவிட்டன. ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு பொருள் ஒரே சொல்லில் எத்தனை நாள் குடியிருக்கும்? 'தடு' ஒதுங்கிவிட்டது.

ஆனால் முழுதாகப் போகவில்லை. டென்னிஸில் சர்வ் வலையை உரசிக்கொண்டு உரிய கட்டத்தில் விழுந்தால் 'லெட்' என்கிறார்களே, அது இந்தத் தடைதான். வீட்டில் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் எடுத்துப் பாருங்கள். இவரைத் தடையின்றிச் செல்லவிடுங்கள் என்று குடியரசுத் தலைவர் பெயரால் கேட்கும் வாசகத்தில் "வித்தௌட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்" என்று இருக்கும்.

கேள்வி: 1611-ஆம் ஆண்டு ஆங்கில பைபிளில், உயிரோடிருப்பவர்கள் இறந்தவர்களை 'பிரிவென்ட்' செய்யமாட்டார்கள் என்று வருகிறது. எதைத் தடுப்பது?

பதில்: 1 தெசலோனிக்கேயர் 4:15. தடுப்பது இல்லை, முந்துவது. லத்தீனில் 'முன்னால் வருதல்' என்பதுதான் இதன் வேர். இந்த இடத்தில் தமிழ் பைபிள் படித்தவர்களுக்குக் குழப்பமே இல்லை, "முந்திக்கொள்வதில்லை" என்று அங்கே தெளிவாக இருக்கிறது. ஆங்கிலத்தில் முந்திப் போகிறவன் வழியை மறிப்பான் என்ற எண்ணத்தில் பொருள் மெல்லத் தடுத்தலுக்கு நகர்ந்துவிட்டது.

கேள்வி: அதே பைபிளில் ஆதியாகமம் 1:29, செடியும் கனியும் உங்களுக்கு 'மீட்' என்கிறதே?

பதில்: அன்று மீட் என்றால் எந்த உணவும். இறைச்சி மட்டும் என்று சுருங்கியது பிறகு. ஸ்வீட்மீட் என்ற சொல்லில் பழைய பொருள் அப்படியே இருக்கிறது.

கேள்வி: ஜேன் ஆஸ்டினின் 'எம்மா'வில் எல்டன் வண்டிக்குள் எம்மாவிடம் 'மேக்கிங் லவ்' என்று படித்துத் திடுக்கிட்டேன். 1815-இல் இப்படி எழுதுவார்களா?

பதில்: திடுக்கிட வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு விருந்து முடிந்து திரும்பும் வழியில் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு காதலைக் கொட்டுகிறார், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் அந்தத் தொடருக்கு ஆசை வார்த்தை பேசுவது, காதலைச் சொல்வது என்றுதான் பொருள்.

ஆஸ்டினில் இதைவிட முக்கியமாக நான் பார்க்கச் சொல்வது 'கண்டிசென்ஷன்'. 1813-இல் வந்த 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் காலின்ஸ் என்ற பாதிரியார், தன்னை ஆதரிக்கும் சீமாட்டி லேடி கேதரினுக்கு அந்தக் குணம் இருப்பதாகப் புகழ்ந்து தள்ளுகிறார். இன்றைய பொருளில் அது இளக்காரமாக நடத்துவது. அன்றைக்கோ, உயர்ந்த இடத்தில் இருப்பவர் அந்தஸ்து பார்க்காமல் இறங்கிவந்து பழகும் பெருந்தன்மை. இது தெரியாவிட்டால், காலின்ஸ் அறியாமல் உளறி மாட்டிக்கொள்கிறார் என்று நினைத்துச் சிரிப்போம். ஆஸ்டின் வைத்த சிரிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. அவர் சொல்லும் சொல் சரியான சொல்தான், அதைச் சொல்லும்போது அவர் குழைகிற குழைவுதான் வேடிக்கை. அந்த அம்மாள் நேரில் வந்து அதிகாரம் செய்யும்போது அந்தப் புகழ்ச்சிக்கும் அவருக்கும் எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும்.

கேள்வி: பொருள் மாறிய சொல் இது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தெரியாத சொல்லுக்கு அகராதி பார்ப்போம். தெரிந்த சொல்லுக்கு யார் பார்ப்பார்கள்?

பதில்: வாக்கியமே காட்டிக்கொடுக்கும். ஹாம்லெட் வரியில் உங்களுக்கு இடறியது போல ஏதாவது இடறினால், ஆசிரியர் தப்பாக எழுதிவிட்டார் என்று தாண்டிப் போகாதீர்கள். ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தில் மந்திரவாதி பிராஸ்பெரோ ஒரு வேலை ஏவும்போது, அவனுக்கு ஏவல் செய்யும் ஆவியான ஏரியல் "பிரசென்ட்லி?" என்று கேட்க, பிராஸ்பெரோ "ஆமாம், கண் இமைக்கும் நேரத்தில்" என்கிறான். சற்று நேரம் கழித்து என்று வைத்தால் அந்தப் பதில் பொருந்துமா? அங்கே பிரசென்ட்லி என்றால் 'இப்போதே'.

சந்தேகம் வந்தால் பெரிய ஆக்ஸ்ஃபோர்டு அகராதிக்குப் போங்கள். 1884-இல் பகுதி பகுதியாக வரத் தொடங்கி 1928-இல் முடிந்த பதிப்பு முதலே, ஒவ்வொரு பொருளுக்கும் அது ஆண்டு போட்டு நூல்களிலிருந்து மேற்கோள் தருகிறது. பொருள்களும் பொதுவாகப் பழையதிலிருந்து புதியதாக வரிசைப்பட்டிருக்கும். அதனால் முதலில் இருப்பதையே இன்றைய பொருள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் படிக்கும் நூல் எந்த ஆண்டில் வந்ததோ, அதை ஒட்டிய மேற்கோள் எந்தப் பொருளின் கீழ் இருக்கிறது என்று பாருங்கள்.