கண்டிச்சீமை, சிலோன், இலங்கை: கேள்வி பதில்

பக்கத்து நாடான இலங்கையை மதுரைக்காரர்கள் பார்த்த விதம் எப்படியெல்லாம் மாறியது என்று பலர் கேட்டிருந்தீர்கள். பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

செல்லூர் வாசகர்: எங்க அப்பத்தா இலங்கையைக் 'கண்டிச்சீமை' என்றே சொல்லும். ஏன் சார்?

அவர்கள் காலத்தில் இலங்கை என்றால் கண்டி மலைத் தோட்டம்தான். மழை பொய்த்த வருஷம் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணி முன்பணத்தோடு வருவான். ஜனங்கள் மூட்டையைக் கட்டுவார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். அயல்நாடு என்ற நினைப்பே கிடையாது, பிழைக்கப் போகிற ஊர். 1948-ல் சட்டம் போட்டுத் தோட்டத்து ஜனங்களை நாடற்றவர்களாக்கியபோதுதான் அது உறைத்தது.

பழங்காநத்தம் வாசகர்: சிங்களவர்கள் நம்மை எப்போதும் எதிரியாகத்தான் பார்த்தார்களா?

இல்லை. சிங்களவர்களின் முதல் அரசனான விஜயனுக்கு மதுரையிலிருந்து பாண்டியன் மகள் மனைவியாக வந்ததாக அவர்களுடைய பழைய வரலாற்று நூலான மகாவம்சமே சொல்கிறது. கண்டி அரசர்களும் மதுரைப் பக்கத்து நாயக்கர் குடும்பங்களில் பெண் எடுத்தார்கள். 1739-ல் பட்டத்துக்கு வாரிசு இல்லாமல் போக, ராணியின் சகோதரரே அரசரானார். 'மச்சான் ராஜாவாயிட்டார்' என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்த வழியில் வந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்தான் 1753-ல் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பிக்குகளை வரவழைத்துப் பௌத்த சங்கத்தைத் தூக்கி நிறுத்தினார். ஆனால் தமிழ் அரசன் எல்லாளனோடு நடந்த போரும் அதே மகாவம்சத்தில் இருக்கிறது. எந்தப் பக்கத்தைப் புரட்டிக் காட்டுவது என்பது அந்தந்தக் காலத்து அரசியல்.

திருநகர் வாசகி: 1983-க்கு முன்னால் இங்கே என்ன அபிப்பிராயம்?

பாட்டுதான். 1952-ல் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கியதும், டீக்கடை ரேடியோவின் முள் சிலோன் வானொலி பக்கம் போய்விட்டது. 83 ஜூலைக் கலவரத்தின்போது அதே ரேடியோவைச் சுற்றிச் செய்திக்காக நின்றோம். அகதிகள் வந்தார்கள்; ஆனையூரிலும் திருவாதவூரிலும் முகாம்கள் உண்டு. அப்புறம் 1991 மே, ராஜீவ் காந்தி கொலை. "அண்ணே, சிலோன்காரவுகளுக்கு வீடு விட்றாதீக" என்று என் தெருவிலேயே சொன்னார்கள். 83-ல் வீடு வீடாக வேட்டி சேலை சேகரித்த அதே ஆட்கள். நானும் பதில் பேசவில்லை.

மேலூர் வாசகர்: இப்போது?

மீனவர் கைது என்றால் கோபம் வருகிறது. ஆனால் 2022 நெருக்கடியில் அரிசியும் பால்மாவும் அனுப்பச் சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது.

அதே வாசகர்: அது ஏன் இன்னும் 'சிலோன் பரோட்டா'?

1972-ல் நாட்டின் பெயர் மாறியதை மாஸ்டரிடம் யாரும் சொல்லவில்லை. முட்டையும் கறியும் வைத்து நாலு பக்கமும் மடித்துக் கல்லில் போடுகிறார், கேட்டால், "சிலோன் ஒண்ணே!" என்று சத்தம் கொடுக்கிறார்.