பேசிக்கொண்டே ஓடுவது – கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. வயது 41. சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. இரண்டு பிள்ளைகள். போன மாதம் ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரை 6.1 என்று வந்தது. மாத்திரை இப்போது வேண்டாம், எடையைக் குறைத்து தினமும் ஏதாவது உடற்பயிற்சி செய்யுங்கள் என்றார் டாக்டர். எனக்கோ சின்ன வயதிலிருந்தே உடற்பயிற்சி என்றால் வேப்பங்காய். ஜிம்மில் மூன்று மாதப் பணம் கட்டி நான்கே நாள் போனவள். நீங்கள் ஓடுவதைப் பற்றி எப்போதோ எழுதியிருந்ததை நம்பி, பக்கத்துப் பார்க்கில் விடியற்காலையில் ஓடிப் பார்த்தேன். இரண்டு நிமிடம் தாண்டவில்லை. மூன்றாம் நாள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சுற்றை முடித்தேன். அதற்கப்புறம் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்க்கும் பார்வை வேறு.

என்ன ஷூ வாங்கலாம்? (கண்ணில் படாத மாதிரி கறுப்பாக இருந்தால் நல்லது.) டிரெட்மில் வாங்கிப்போட்டு வீட்டுக்குள்ளேயே ஓடிவிடலாமா? மூட்டு தேய்ந்துபோகும் என்று மாமியார் சொல்கிறார், உண்மையா? என்னைப் போன்ற சோம்பேறிக்கு ஓட்டம் பிடித்துப்போக வழி இருக்கிறதா?

கே., சென்னை

அன்புள்ள கே.,

முதலில் திட்டிவிடுகிறேன். கண் இருட்டிக்கொண்டு வந்த பிறகும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சுற்றை முடித்ததாக எழுதியிருக்கிறீர்கள், அதில் கொஞ்சம் பெருமைகூடத் தெரிகிறது. அது வீரம் இல்லை, முட்டாள்தனம். கண் இருட்டினால், நெஞ்சு அடைத்தால், அந்த இடத்திலேயே ஓட்டத்தை நிறுத்தி உட்கார வேண்டும். இரண்டு பிள்ளைகளின் அம்மா நீங்கள். அடுத்த முறை ஓடப்போவதற்கு முன்னால் உங்கள் டாக்டரிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். ரத்த அழுத்தம், ஈ.சி.ஜி., ரத்தத்தில் ஹீமோகுளோபின் எல்லாம் பார்க்கச் சொன்னால் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் சரி என்ற பிறகு மேலே படித்தால் போதும்.

இன்னொன்று, அந்த ‘சோம்பேறி’. விடியுமுன் எழுந்து, நாலு பேருக்குச் சமைத்து, டப்பாக்களில் அடைத்து, ரயிலையோ பஸ்ஸையோ பிடித்து வேலைக்குப் போய், திரும்பி வந்து மறுபடியும் அடுப்பு முன்னால் நிற்கிற வாழ்க்கைதானே உங்களுடையது? நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும். அந்த வார்த்தையை அடுத்த கடிதத்திலும் எழுதினால் பதில் போடமாட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. போன வாரம் இங்கே பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் ஓர் அம்மாவும் பதினொன்று பன்னிரண்டு வயது மகளும் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார்கள். பெண் திடீரென்று கையை விடுவித்துக்கொண்டு ஓடினாள். பயிற்சி எதுவும் இல்லை, சும்மா, கன்றுக்குட்டி மாதிரி. அம்மா குரல் கொடுத்தாள்: “மெதுவா போ, எல்லாரும் பார்க்காங்க.” அந்தப் பெண் நின்றுவிட்டாள். அதிலிருந்து இதேதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

நீங்கள் ஏன் இரண்டு நிமிடத்தில் நின்றுபோகிறீர்கள் தெரியுமா? எடையும் வயதும் ஓரளவுக்குத்தான் காரணம். நீங்கள் மிக வேகமாக ஓடுகிறீர்கள். நான் பார்க்கவில்லைதான், ஆனால் பந்தயம் கட்டிச் சொல்வேன். புதிதாக ஓட வருகிற எல்லோரும் செய்வது இது, பெண்கள் இரண்டு மடங்கு செய்கிறோம். யாரும் பார்ப்பதற்குள் அந்தச் சுற்றை முடித்துவிட வேண்டும் என்று ஓடுகிறோம். பெஞ்சில் இருப்பவர்களைக் கடக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டுகிறோம். அந்த வேகத்துக்குத் தேவையான ஆக்ஸிஜனைப் பழக்கமில்லாத இதயத்தால் தசைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியாது. மூச்சு இரைக்கிறது, கால் கனக்கிறது, நிற்கிறோம். நின்றதும் ‘எனக்கு ஓட வராது’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். சென்னைக் காற்றின் ஈரப்பசையில் வியர்வையும் சீக்கிரம் காயாது, உடம்பின் சூடு வெளியேறாமல் நெஞ்சு இன்னும் வேகமாக அடித்துக்கொள்ளும்.

எந்த வேகத்தில் ஓட வேண்டும்? பேச முடிகிற வேகத்தில். எதிரே வருகிற தெரிந்த முகத்திடம் “என்ன, ஊருக்குப் போறேன்னு சொன்னீங்களே, எப்ப வந்தீங்க?” என்று முழுசாகக் கேட்க முடிய வேண்டும். ‘என்ன’ சொல்லி ஒரு மூச்சு, ‘ஊருக்கு’ சொல்லி ஒரு மூச்சு என்றால் வேகம் அதிகம், குறையுங்கள். அப்படிக் குறைத்தால் அது ஓட்டமாகவே இருக்காதே என்று தோன்றும். தோன்றட்டும். நான் 46 வயதில் தொடங்கியபோது, சேலை கட்டிக்கொண்டு நடைப்பயிற்சிக்கு வருகிற ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், ஓடிக்கொண்டிருந்த என்னை நடந்தே தாண்டிப் போவார். போகும்போது சிரித்துவிட்டுப் போவார். நல்ல சிரிப்பு அது. இரண்டு மாதம் அப்படித்தான் போனது. நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்டு என்ற பயிற்சியாளர் இருந்தார், ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர்களை உருவாக்கியவர். அவர் 1960களின் தொடக்கத்தில் ஆக்லாந்தில் சாதாரண மனிதர்களை, அதில் மாரடைப்பு வந்து தேறியவர்களும் உண்டு, ஓடப் பழக்கியபோது சொன்னதும் இதைத்தான்: பேச முடிகிற வேகத்துக்கு மேலே போகாதே. அதற்கு முன்பெல்லாம் வளர்ந்தவர்கள் தெருவில் சும்மா ஓடுவது என்ற வழக்கமே உலகத்தில் பெரிதாகக் கிடையாது.

இந்த வேகத்தை நான் ஏன் இவ்வளவு வளர்த்துகிறேன் என்றால், வெட்கத்துக்கும் வேகத்துக்கும் இருக்கிற தொடர்பு என் சொந்த அனுபவம்.

1984இல் எனக்கு பதினொரு வயது. அந்த ஆகஸ்டில்தான் லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நொடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தைத் தவறவிட்டார். 55.41க்கும் 55.42க்கும் நடுவே ஒரு நாடே கையைப் பிசைந்துகொண்டு நின்றது. எங்கள் ஊரில் டி.வி. இருந்த வீடுகளை எண்ணிவிடலாம், பேப்பரில் வந்த படத்தைத்தான் பார்த்தோம். அந்த வருடம் ஊரில் வேகமாக நடந்த பெண் பிள்ளைகளுக்கெல்லாம் பி.டி. உஷா என்றுதான் பெயர். எங்கள் ஆச்சி என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். “ஏட்டி உஷா, ஓடிப்போய் கருப்பட்டி வாங்கிட்டு வா.” ஓடுவேன். உப்புக்கு ஓடுவேன், மாவு அரைத்து வாங்க ஓடுவேன், பெரியப்பா வீட்டுக்குச் சேதி சொல்ல ஓடுவேன். திரும்பி வந்தால் மூச்சுக்கூட வாங்காது. அந்த வருடம் பள்ளி விளையாட்டு விழாவில் 200 மீட்டரில் முதல் பரிசு, எவர்சில்வர் டிபன் பாக்ஸ். மூடியில் வருடத்தையும் போட்டியின் பெயரையும் புள்ளி புள்ளியாகக் குத்திக் கொடுத்திருந்தார்கள்.

அடுத்த கோடை விடுமுறையில் பெரிய மனுஷி ஆனேன். பந்தல் போட்டு, புட்டு சுற்றி, எல்லாம் முடிந்து பள்ளி திறந்தபோது, ஓடாதே என்று யாரும் உட்கார வைத்துச் சொன்னதாக ஞாபகம் இல்லை. அதே ஆச்சிதான், முற்றத்தில் நாலு எட்டு வேகமாக வைத்தால் போதும், “ஏட்டி, என்ன அதிர அதிர நடக்க?” என்பாள். கடைக்குத் தம்பி ஓடினான். பி.டி. பீரியடில் நாங்கள் ஏழெட்டுப் பேர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து புளியங்கொட்டையில் பல்லாங்குழி ஆடினோம், எந்த டீச்சரும் எழுந்து வா என்று கூப்பிடவில்லை. ஒருநாள் மழைக்காக மைதானத்தைக் கடந்து ஓடியபோது வராந்தாவில் நின்ற பையன்கள் ஓ என்று சத்தம் போட்டார்கள். நான் தாவணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, உயிரே போகிற வேகத்தில் ஓடினேன். ஆசையாக ஓடிய ஓட்டம் எது, ஒளிந்துகொள்ள ஓடிய ஓட்டம் எது என்று என் உடம்புக்கு அன்றைக்குத் தெரிந்தது. அதுதான் கடைசி. முப்பத்து மூன்று வருடம் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடவில்லை, விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போவேன். கேட்டால் உங்களைப் போலவே சொல்வேன்: எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஓட்டம் பிடிக்காது.

அந்த டிபன் பாக்ஸில் தம்பி பன்னிரண்டாம் வகுப்பு வரை சோறு கொண்டுபோனான்.

ஆகவே, சின்ன வயதிலிருந்தே பிடிக்காது என்று நீங்கள் சொல்வதை நான் அப்படியே எடுத்துக்கொள்ளப் போவதில்லை. ஐந்து வயதில் எப்படி இருந்தீர்கள், எட்டு வயதில் எப்படி இருந்தீர்கள் என்று உங்கள் அம்மாவிடமோ சித்தியிடமோ கேட்டுப் பாருங்கள். எந்த வருடத்திலிருந்து பிடிக்காமல் போனது என்றும் கேளுங்கள். இது நம் ஊர் ஆச்சிகள் மட்டும் செய்த வேலையும் இல்லை. 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகப் பெண்கள் 800 மீட்டர் ஓடினார்கள். இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். ஆனால் பெண்கள் களைத்துச் சுருண்டு விழுந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. அதைக் காரணம் காட்டி, 1960 வரை ஒலிம்பிக்கில் 200 மீட்டருக்கு மேல் பெண்களை ஓடவே விடவில்லை. முப்பத்திரண்டு வருடம்! ஓடி முடித்த ஆண்கள் தரையில் படுத்துக் கிடப்பதை யாராவது நோய் என்று எழுதியதுண்டா? 1967இல் பாஸ்டன் மாரத்தானில் காத்ரின் ஸ்விட்ஸர் ஓடிக்கொண்டிருந்தபோது, போட்டி நடத்துபவர்களில் ஒருவர் பின்னாலேயே ஓடிவந்து அவருடைய எண் அட்டையைப் பிய்க்கப் பார்த்தார். அந்தப் புகைப்படத்தைத் தேடிப் பாருங்கள். பெண்கள் மாரத்தான் ஒலிம்பிக்கில் வந்ததே 1984இல்தான், உஷா தோற்ற அதே லாஸ் ஏஞ்சல்ஸில், அதே வாரத்தில். எனக்கு இது நாற்பது தாண்டிய பிறகுதான் தெரியும். பதினொரு வயதில் யாராவது சொல்லியிருக்கலாம்.

பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் பார்க்கத்தான் செய்வார்கள். ஒரு மூன்று வாரம் பார்ப்பார்கள், அப்புறம் ஒருநாள் நீங்கள் வராவிட்டால் “என்னம்மா நேத்து காணோம்?” என்று கேட்பார்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது. கேவலமாகப் பேசுகிறவன், பின்னால் வருகிறவன் இருந்தால் அது வேறு விஷயம், சகித்துக்கொள்ளாதீர்கள், கூட ஒரு தோழியைச் சேர்த்துக்கொள்ளுங்கள், இடத்தை மாற்றுங்கள். சும்மா பார்ப்பவர்களுக்காக வேகத்தைக் கூட்டாதீர்கள், அவ்வளவுதான்.

இனி எப்படித் தொடங்குவது என்று. ஜாஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996இல் ஒரு திட்டம் போட்டார். ஐம்பது வயதைத் தாண்டிய தன் அம்மாவை ஓட வைக்கத்தான் அதை யோசித்தார் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம். ஒன்பது வாரம், வாரத்துக்கு மூன்றே நாள். முதல் ஐந்து நிமிடம் விறுவிறுவென்று நடை. பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை, இதையே மாற்றி மாற்றி இருபது நிமிடம். முதல் வாரம் அவ்வளவுதான். உடம்பு தெம்பாக இருக்கிறது, இன்னும் ஓடலாம் என்று தோன்றும்போதே வீட்டுக்கு வந்துவிட வேண்டும், இதில் பிடிவாதமாக இருங்கள். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். தசைநாருக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கில் நேரம் வேண்டும், மூச்சை நம்பி ஓடியவர்களுக்குத்தான் கெண்டைக்காலும் முன்னெலும்பும் வலி எடுக்கும். நடுவில் ஒருநாள் ஓய்வு கட்டாயம். ஒன்பது வாரத்தை இருபது வாரமாக இழுத்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. நான் நான்காவது வாரத்தை மட்டும் ஒரு மாதம் ஓடினேன். உங்கள் சர்க்கரைக்கு நடையும் மருந்துதான். வேலை செய்கிற தசை இன்சுலினுக்காகக் காத்திருக்காமல் ரத்தத்தில் இருக்கிற குளுக்கோஸை எடுத்துக்கொள்ளும். அதனால் ஓடாத நாளில் சாப்பிட்ட பிறகு ஒரு பதினைந்து நிமிடம் தெருவில் நடங்கள், பாத்திரம் காத்திருக்கும்.

மாமியாரிடம் சொல்லுங்கள், மூட்டு நன்றாக இருப்பவர்களுக்கு அளவாக ஓடுவதால் தேய்வதாகத் தெரியவில்லை. 2017இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், இடுப்பு, முழங்கால் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதமும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதமும் இருந்தது. போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களுக்கு 13.3. நீங்கள் அந்தக் கூட்டத்தில் சேரப்போவதில்லை. ஏற்கெனவே மூட்டு வலி இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மாமியாரையும் காலையில் கூட்டிக்கொண்டு போங்களேன், அவர் நடக்கட்டும், நீங்கள் அவரைச் சுற்றிச் சுற்றி ஓடலாம்.

டிரெட்மில் வேண்டாம். மூன்று மாதத்தில் அதன்மேல் துணி காயும்.

ஷூ பற்றிக் கேட்டிருந்தீர்கள். விலையையும் பிராண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஓடுவதற்கென்று செய்ததாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சாயங்காலம் கடைக்குப் போங்கள், அப்போதுதான் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். நின்று பார்க்கும்போது விரலுக்கும் ஷூ முனைக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். கடைக்குள்ளேயே நாலு எட்டு ஓடிப் பாருங்கள், கடைப் பையன் பார்த்தால் பார்க்கட்டும். கறுப்பு வேண்டாம். விடியுமுன் இருட்டில் தெருவைக் கடந்து பார்க்குக்குப் போகிறவர் நீங்கள், பால்வண்டிக்காரருக்குத் தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி நல்ல மஞ்சளோ ஆரஞ்சோ வாங்குங்கள்.

முதல் வாரம் முடிந்ததும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா