சொன்னது சித்திக்குப் போய்விட்டால்…
(வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: என் மகளுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு படிக்கிறாள். முன்பெல்லாம் பள்ளி விட்டு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள் பேச ஆரம்பித்துவிடுவாள். இப்போது எதைக் கேட்டாலும் “ஒண்ணுமில்லம்மா” என்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன்பு, வகுப்பில் சிலர் தன் முகப்பருவைக் கேலி செய்வதாகச் சொல்லி அழுதாள். அதை நான் என் தங்கையிடம் சொல்ல, அவள் ஒரு வளைகாப்பு வீட்டில் எல்லார் எதிரிலும், “பருவுக்குப் போய் யாராவது அழுவாங்களாடி?” என்று கேட்டுவிட்டாள். அதற்குப் பிறகுதான் இந்த மௌனம். அவளுக்குத் தெரியாமல் அவளுடைய செல்போனை எடுத்துப் பார்க்கலாமா?
– ஒரு தாய், விருதுநகர்

பதில்: பதிலில் பாதியை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள். நம் குடும்பங்களில் பிள்ளைகள் சொல்வதை ரகசியமாக யாரும் நினைப்பதில்லை. மதிப்பெண்ணைப் போல, காய்ச்சலைப் போல, அதுவும் அக்கா தங்கைகளுக்குள் பகிரும் வீட்டுச் செய்தியாகிவிடுகிறது. ஆனால், தன் முகத்தை ஒரு நாளில் பத்து முறை கண்ணாடியில் பார்த்து வருந்தும் வயதில் இருப்பவளுக்கு, அந்த வளைகாப்பு வீட்டில் நடந்தது வகுப்பறைக் கேலியைவிடப் பெரிய அவமானமாக இருந்திருக்கும். வகுப்புப் பிள்ளைகளிடம் அவள் நம்பி எதையும் ஒப்படைக்கவில்லை, உங்களிடம் ஒப்படைத்தாள்.

செல்போனுக்கு வருகிறேன். ஸ்வீடனில் 14 வயதுப் பிள்ளைகள் 703 பேரையும் அவர்களுடைய பெற்றோரையும் ஆராய்ந்து, ஹோக்கன் ஸ்டாட்டின், மார்கரெட் கெர் என்ற இரு உளவியலாளர்கள் 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோருக்குத் தெரிந்திருப்பவற்றில் பெரும்பகுதி, துருவிக் கேட்டோ கட்டுப்படுத்தியோ கிடைத்தது அல்ல, பிள்ளைகள் தாமாகவே வந்து சொன்னது என்பதுதான் அவர்கள் கண்டது. 13 வயதுப் பிள்ளையின் செல்போனைப் பெற்றோர் பார்ப்பதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். பார்ப்பதாக இருந்தால் அவளிடம் சொல்லிவிட்டு, அவள் பக்கத்தில் இருக்கும்போது பாருங்கள். ஒளிந்து பார்த்தது ஒருநாள் தெரியவந்தால், நாலு குறுஞ்செய்திகளைப் படித்த லாபத்துக்கு, அவள் வாயால் வரவேண்டிய அத்தனையையும் இழந்திருப்பீர்கள்.

முதலில் மன்னிப்புக் கேளுங்கள். “நீ என்னை நம்பிச் சொன்னதை நான் சித்தியிடம் சொன்னது தப்பு, இனி உன்னைக் கேட்காமல் யாரிடமும் சொல்லமாட்டேன்” என்றால் போதும். “உன் நல்லதுக்குத்தானே சொன்னேன்” என்று ஒரு வரியைக் கூட்டினால், கேட்ட மன்னிப்பு அங்கேயே ரத்தாகிவிடும். தங்கையிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். அன்றே மகள் மனம் திறந்து பேசுவாள் என்று எதிர்பார்க்க வேண்டாம். “சரிம்மா” என்று எழுந்து போகலாம்.

எதிரே உட்காரவைத்து “சொல்லு” என்றால் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அது விசாரணையாகத்தான் படும். துணி மடிக்கும்போதும், வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போதும், முகம் பார்க்கத் தேவையில்லாததாலேயே பேச்சு வரும். ஏதாவது சின்ன விஷயம் சொன்னால், “நீ என்ன பண்ணினே?” என்று குறுக்கே கேட்காமலும், உடனே பள்ளிக்குப் போன் போடாமலும் முழுவதும் கேளுங்கள். பிறகு, “இதில் நான் ஏதாவது செய்யணுமா, கேட்டுக்கிட்டா மட்டும் போதுமா?” என்று அவளிடமே கேளுங்கள். கேலி தொடர்ந்தால் வகுப்பாசிரியரைப் பார்க்கத்தான் வேண்டும். அப்போதும் அவளிடம் சொல்லிவிட்டே போங்கள்.

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகன் சில வாரங்களாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, கிரிக்கெட்டுக்கும் போவதில்லை. “நான் இல்லாம இருந்தா உங்களுக்கு நிம்மதி” என்று ஒருமுறை சொன்னான். அதைப் பற்றிக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நானே உண்டாக்கியதாகிவிடுமோ?
– ஒரு தந்தை, திருச்சி

பதில்: ஆகாது. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ஏற்கெனவே இருந்தால், அதைத் தனியாகச் சுமந்தவனுக்கு ஓர் ஆறுதல்தான் கிடைக்கும். கோபப்படாமல், அழாமல், இன்றே நேரடியாகக் கேளுங்கள். இந்த வயதில் பிள்ளைகள் கொஞ்சம் ஒதுங்குவது இயல்புதான். ஆனால், பசியும் விளையாட்டும் சேர்ந்து குறைந்து, இப்படி ஒரு வார்த்தையும் வந்திருக்கும்போது, ‘வயசுக் கோளாறு’ என்று தள்ளிப்போடக் கூடாது. அவன் “ஆமாம்” என்றால் அவனைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அப்புறப்படுத்திவிட்டு, அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். “இல்லை” என்றாலும் இந்த வாரத்துக்குள் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ என்ற அரசு மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணில் எந்த நேரத்திலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். பையன் பேசத் தயங்கினால், முதலில் நீங்கள் அழைத்துப் பேசுங்கள்.