ரிமோட் சண்டைக்குக் காரணம் ஜன்னல்

கேள்வி: எங்கள் அலுவலகம் கட்டடத்தின் மேல்மாடியில் இருக்கிறது. 14 பேர் வேலை செய்கிறோம். 2 டன் ஏசி ஒன்று ஓடுகிறது. கோடையில் பிற்பகல் 2 மணிக்கு மேல், மேற்கு ஜன்னலோரம் உட்காருபவர்களுக்கு வேர்த்துக் கொட்டுகிறது. ஏசிக்கு நேர் கீழே இருக்கும் இருவர் சால்வை போர்த்திக்கொள்கிறார்கள். ரிமோட்டுக்குத் தினமும் சண்டை. 18 டிகிரியில் வைத்தாலும் ஜன்னல் பக்கம் குளிர்வதில்லை. இன்னொரு ஏசி வாங்கலாமா என்று நிர்வாகம் என்னிடம் கேட்கிறது. என்ன சொல்வது?

பதில்: இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். முதலில் ஒரு சின்னக் கணக்கு.

உட்கார்ந்து வேலை செய்யும் ஒருவரின் உடலிலிருந்து ஏறக்குறைய 100 வாட் வெப்பம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. பழைய குண்டு பல்பு ஒன்று எரிவதற்குச் சமம். 14 பேருக்கு 1,400 வாட். கணினியும் திரையும் சேர்த்து ஆளுக்கு 100 வாட் என்று வைத்தால் இன்னொரு 1,400. அப்புறம் ஜன்னல். மறைப்பில்லாத சாதாரணக் கண்ணாடி வழியாக, மேற்கு வெயில் சதுர மீட்டருக்கு 500 வாட் வரை உள்ளே கொண்டுவரும். உங்கள் மேற்கு ஜன்னல்கள் எல்லாம் சேர்ந்து 6 சதுர மீட்டர்தான் என்று வைத்தால்கூட 3,000 வாட். ஆட்களும் கணினிகளும் சேர்ந்து தருவதைவிட அந்த ஜன்னல் அதிகம் தருகிறது! 2 டன் ஏசியால் வெளியேற்ற முடிவது சுமார் 7,000 வாட். கூரை வழியாக இறங்கும் சூட்டையும், கதவு திறக்கும்போதெல்லாம் நுழையும் வெளிக்காற்றையும் சேர்த்தால் பிற்பகலில் அது திணறாமல் என்ன செய்யும்?

ரிமோட்டில் எண்ணைக் குறைத்தால் ஏசிக்குப் பலம் கூடிவிடாது. எந்த இடத்தில் ஓய வேண்டும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஏற்கெனவே முழு மூச்சில் ஓடும் இயந்திரத்துக்கு 24-ம் ஒன்றுதான், 18-ம் ஒன்றுதான். வெயில் இறங்கிய பிறகுதான் வித்தியாசம் தெரியும்: அப்போது எல்லாரும் நடுங்குவார்கள்.

ஜன்னலோரத்து ஆளும் சரி, சால்வை போர்த்தியவரும் சரி, இருவர் சொல்வதும் உண்மை. சுவரில் தொங்கும் வெப்பமானி காற்றின் சூட்டை மட்டும் காட்டுகிறது. டென்மார்க்கைச் சேர்ந்த ஃபாங்கர் என்ற ஆய்வாளர் 1970-ல் எழுதிய நூலில், நாம் உணரும் சூட்டை ஆறு காரணங்களாகப் பிரித்தார்: காற்றின் வெப்பநிலை, சுற்றியுள்ள பரப்புகள் வீசும் வெப்பம், காற்றின் வேகம், ஈரப்பதம், உடை, உடலுழைப்பு. உங்கள் சண்டை முழுக்க முதல் காரணத்தைப் பற்றி. பிரச்சினையோ இரண்டாவதிலும் மூன்றாவதிலும் இருக்கிறது. காய்ந்த கண்ணாடி பக்கத்தில் இருப்பவர்மேல் அனலை வீசுகிறது. ஏசி வாய்க்குக் கீழே இருப்பவர்மேல் குளிர்காற்று நேராக அடிக்கிறது. எவ்வளவு சரியாக அமைத்தாலும் நூற்றுக்கு ஐந்து பேருக்காவது திருப்தி இருக்காது என்பதும் அதே ஃபாங்கரின் கணக்கு. ஆகவே சண்டை அடியோடு ஒழியும் என்று யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே தடுப்பதுதான் சிறந்தது. வெளிப்புறத் தட்டி, மடக்குப் பந்தல், நிழல்வலை எதுவானாலும் சரி. உள்ளே தொங்கும் திரை, வெப்பம் வந்து சேர்ந்த பிறகு போடும் கதவு மாதிரி. அடர்நிறத் திரையாக இருந்தால் அதுவே சூடாகி ஹீட்டர்போல உட்கார்ந்துவிடும். வெளியே எதுவும் கட்டக் கட்டட உரிமையாளர் அனுமதிக்காவிட்டால், கண்ணாடியைப் பார்க்கும் பக்கம் வெள்ளையாக இருக்கும் திரையைப் போட்டு, வெயில் படுவதற்கு முன்பே இறக்கிவிடுங்கள். மேசைகளைக் கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளிப்போட முடிந்தால் இன்னும் நல்லது. மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சு அடிப்பதும் பலன் தரும்.

அடுத்தது மின்விசிறி. ஏசி இருக்கும்போது விசிறி எதற்கு என்று பல அலுவலகங்களில் கழற்றியே விடுகிறார்கள். எனக்கு இது புரிவதே இல்லை. நம் மேல் மிதமாகக் காற்று பட்டால் அறை 2, 3 டிகிரி குறைந்தது போல உடம்புக்குத் தோன்றும். ஏசியை 26-ல் வைத்து விசிறியைச் சுழலவிடுங்கள். ஏசி வாயில் காற்றைத் திசைதிருப்பும் தகடுகளைக் கூரைப் பக்கம் திருப்புங்கள். ஜன்னலோரம் இருப்பவர்களுக்கு மேசை விசிறி கொடுத்தால் ரிமோட்டைத் தேடமாட்டார்கள். விசிறி ஆளைத்தான் குளிர்விக்கும், அறையை அல்ல. ஆள் எழுந்து போனால் அணைத்துவிட வேண்டும். ஏசி பழுதாகி, அறைக்காற்று 40 டிகிரியைத் தாண்டினால் விசிறியை நம்பாதீர்கள், அது சூட்டைத்தான் வாரி இறைக்கும்.

உடையில் கோட்டும் டையும் கட்டாயம் என்றால் கோடைக்கு மட்டுமாவது தளர்த்தச் சொல்லுங்கள். சால்வை போர்த்தும் இருவரும் பெண்களாக இருந்தால், அதற்கும் ஒரு விளக்கம் உண்டு. அலுவலகக் குளிரூட்டலுக்கான பழைய அளவுகோல் சராசரி ஆணின் உடல்வெப்ப உற்பத்தியை அடிப்படையாகக் கொண்டது. பெண்களுக்கு அது 35 சதவீதம் வரை மிகையாக இருக்கலாம் என்று 2015-ல் நெதர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வு சொன்னது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் கவனிக்க வேண்டியது.

ஏசி வடிகட்டியைக் கழுவி எவ்வளவு நாளாயிற்று என்று பாருங்கள். தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். யாருக்காவது தலைசுற்றலோ குமட்டலோ வந்தால் குளிர்ந்த இடத்தில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுங்கள். பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ காத்திருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

நிர்வாகத்திடம் ஒரு வாரம் கேளுங்கள். தினமும் மதியம் மேற்குக் கண்ணாடி முழுவதையும் வெள்ளை அட்டையால் மறையுங்கள், ஏசியை 26-ல் வையுங்கள், விசிறிகளை ஓடவிடுங்கள். 3 மணிக்கு அந்த ஜன்னலோரத்து ஆளிடம் போய் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். இன்னமும் வேர்க்கிறது என்றால், அப்போது இன்னொரு ஏசி வாங்கலாம். 1 டன் போதும், மேற்குப் பக்கமாக மாட்டுங்கள்.